அம்பிட்டியச் சுவரில் இருந்த கறை

ஐயா,

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட இருக்கும் மருந்துக் கடைக்கு இருமல் மருந்து வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் உள்ளே தேடிக்கொண்டிருந்த நேரத்தில் சும்மா சுவரைப் பார்த்தேன். நீங்கள் எடுத்த படம் தொங்கிக்கொண்டிருந்தது. அம்பிட்டிய ஹோட்டலின் கலண்டர். பின்னால் மலையை மூடிய கறுத்த மேகம், முன்னால் சாம்பல் நிறக் கொங்கிறீட்டும் கண்ணாடியுமாக அந்த ஆறு மாடி, கண்ணாடியில் மட்டும் ஒரு கீற்று மஞ்சள் வெயில். கீழே, மலைச்சரிவையும் கட்டடத்தையும் தாங்கி நிற்கும் நீளச் சுவர், அப்போதுதான் கழுவித் துடைத்த மாதிரிச் சுத்தமாக. மூலையில் பொடி எழுத்தில் உங்கள் பெயர்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. "இந்தக் கலண்டரத் தருவீங்களா?" என்று கடைக்காரரைக் கேட்டேன். "வருஷம் முடியலயேம்மா," என்று இழுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, கழற்றிச் சுருட்டிக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதமாக அது என் மேசையில்தான் கிடக்கிறது.

போய்ச் சேர்ந்தவருக்குக் கடிதம் எழுதுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். நாற்பது வருடம் ஒரு நகரசபையில் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து, வடிகான் உடைந்தது, மதில் சரிந்தது என்று மேலிடத்துக்கு எழுதியவர் நீங்கள். பதில் வராத கடிதம் எழுதுவதில் உங்களைவிடப் பழக்கமானவர் யார்?

கண்டி டவுனில் நான் நடத்தும் சனிக்கிழமைப் புகைப்பட வகுப்பில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒன்பது பேருக்கு இருபது, இருபத்திரண்டு வயது. பத்தாவது நீங்கள். முதல் நாள் முன்வரிசைக் கதிரையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். யாருடைய அப்பாவோ கூட்டிப்போக வந்திருக்கிறார் என்று நினைத்து, "வகுப்பு முடிய ரெண்டு மணித்தியாலம் ஆகும்ங்க ஐயா," என்றேன். "தெரியும் டீச்சர், அதுக்குத்தான் ரொட்டி கொண்டாந்திருக்கேன்," என்றீர்கள். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது எனக்குக் கூச்சமாக இருந்தது. உங்களுக்கு இல்லை.

ஏன் இந்த வயதில் கமரா என்று ஒரு பெண் கேட்டாள். "நாப்பது வருஷமா மத்தவன் கட்டுனத அளந்தேன் மகள். ஒரு நாளும் நின்னு பாக்கல," என்றீர்கள்.

நான் கட்டடங்களைப் படம் எடுத்துப் பிழைப்பவள். வீடு, வங்கி, ஹோட்டல் என்று புதிதாக எழும்பும் எல்லாவற்றுக்கும் அழகான படம் வேண்டும். வெள்ளை வானத்தின் கீழ் கொங்கிறீட் பிணம் மாதிரி இருக்கும். மழை கட்டிக்கொண்டு வரும் பத்து நிமிடத்தில், அதே கொங்கிறீட்டுக்கு உயிர் வந்துவிடும். "மழைக்கு ஓடி ஒளியாதீர்கள், மழையை நோக்கிப் போங்கள்" என்று வகுப்பில் பெரிய வீறாப்பாகச் சொல்லுவேன். அதைக் கேட்டு உண்மையிலேயே மழையை நோக்கி வந்த ஒரே மாணவர் நீங்கள்தான். மற்ற ஒன்பது பேரும் இடி முழங்கியதும் தொலைபேசியில் காய்ச்சல் என்பார்கள்.

உங்கள் சட்டைப் பையில் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று இருக்கும். கமராவை முக்காலித் தாங்கியில் பூட்டியதும் நூலைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பீர்கள். கமராத் திரையிலேயே கோடு இருக்கிறது ஐயா என்று எத்தனை தடவை சொன்னேன். "அது மெஷின் சொல்றது டீச்சர். இது பூமி சொல்றது," என்பீர்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

போன வருடம் ஒக்டோபரில் அம்பிட்டிய ஹோட்டல் வேலை எனக்கு வந்தது. திறப்பு விழாவுக்கு முன் படங்கள் வேண்டும், கலண்டருக்கும் வேண்டும். உதவிக்கு உங்களைக் கூட்டிப்போனேன். வரவேற்பறையில் ஏதோ வாசனைத் தெளிப்பானை அடித்து வைத்திருந்தார்கள். ஈரச் சீமெந்து மணத்தை மறைப்பதற்காம். முகாமையாளர் எங்களுக்கு "இயற்கையின் மடியில் ஓர் அமைதி" என்று மனப்பாடமாக ஒப்புவித்தார். நீங்கள் தரையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போவுதுங்க?" என்று கேட்டீர்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

மூன்று மணிக்கு வானம் இருண்டது. நான் மேலே, வாசலுக்கு நேரே கமராவை நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் உங்களைக் காணவில்லை. குடையும் இல்லை. எட்டிப் பார்த்தேன். கீழ் ரோட்டில், சுவருக்கு அடியில் இருக்கும் ஆறு வீடுகளுக்கு முன்னால், முழங்கால்வரை நனைந்து நின்று மேல்நோக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு வீட்டின் கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம். வாசலில் முக்காடு போட்ட ஒரு பெண் உங்களிடம் ஏதோ கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் பரீதா என்று பிறகு தெரிந்தது.

"சேர், உள்ளுக்கு வாங்களே. நனஞ்சி போறீங்க," என்று மழைக்கு மேலாகச் சத்தம் போட்டு அவர் கூப்பிட்டது மேலே எனக்குக் கேட்டது. பிறகு, "பாருங்க சேர், செவத்தால மண்தண்ணி வருது. குசினிக்குள்ள அடுப்படி வரைக்கும் வந்தீக்கிது. செல்லியும் ஒத்தரும் கேக்கிறாங்க இல்ல."

நீங்கள் அவரிடம் உரத்துச் சொன்னதும் கேட்டது. "சுவத்துல இந்த ஓட்டையெல்லாம் எதுக்கு வச்சிருக்கு? மழ பெஞ்சா இது வழியா தண்ணி வெளிய வரணும். வரலன்னா அது உள்ள எங்கயோ நிக்குதுன்னு அர்த்தம் தங்கச்சி."

எனக்குக் கேட்டது, ஆனால் மண்டையில் ஏறவில்லை. மேகம் விலகி அந்த மஞ்சள் வெயில் விழப்போகிற நேரம். எனக்கு வெயில்தான் முக்கியம்.

மாலையில் படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். உங்கள் கமராவின் நினைவக அட்டை நிறைந்துவிட்டதால் என் அட்டையைத்தான் உங்களுக்குக் கொடுத்திருந்தேன். என் எல்லாப் படங்களையும்விட உங்களுடைய ஒரு படம் நன்றாக இருந்தது. கீழிருந்து எடுத்ததால் கட்டடம் மேகத்துக்குள் ஏறிப் போவது போலிருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஒரே ஒரு குறை. கீழே சுவரில் பெரிய செம்மண் கறை, நடுவில் கோணலான ஒரு வெடிப்பு, அதிலிருந்து வழியும் தண்ணீர். வரிசையாக இருந்த துளைகளோ சீமெந்து பூசி அடைத்துக் கிடந்தன. படத்தின் அழகைக் கெடுக்கிறதே என்று உட்கார்ந்து துடைத்தேன். பக்கத்தில் இருக்கும் நல்ல சுவரை எடுத்து, கறையின் மேல் ஒட்டி, ஓரத்தைத் தேய்த்து. எங்கள் தொழிலில் இது பல் விளக்குவது மாதிரித் தினசரி வேலை. கம்பியை எடுப்போம், குப்பைத்தொட்டியை எடுப்போம், காகத்தை எடுப்போம்.

துடைத்த படத்தை அதே கோப்பின் மேல் சேமித்தேன். அட்டையை அன்றே அழித்தேன், அது என் பழக்கம். என்னுடைய படங்கள் என்றால் மூன்று இடத்தில் பிரதி வைப்பேன். மாணவர் படம்தானே என்று உங்களுடையதற்கு வைக்கவில்லை. உங்களுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று, கேட்காமலே ஹோட்டலுக்கு அனுப்பினேன். அவர்கள் என் படங்களை ஒதுக்கிவிட்டு உங்களுடையதைக் கலண்டருக்கு எடுத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் வகுப்பில் கலண்டரை விரித்துக் காட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தீர்கள். மேலே இருந்த மேகத்தை அல்ல. விரலை வைத்துச் சுவரை வருடிக்கொண்டே போனீர்கள்.

"டீச்சர், இதுல இருந்த கறை எங்க?"

"துடைச்சிட்டேன் ஐயா. அது இல்லாமதான் படம் எடுபடுது."

"அதத்தானே டீச்சர் நான் எடுத்தேன்."

குரலை உயர்த்தவில்லை. இத்தனை வருடம் படத்தில் எது பொருள், எது பின்னணி என்று பாடம் நடத்துபவள் நான். ஒரு மனிதர் மழையில் இறங்கி நின்று எடுத்த பொருளையே வழித்தெடுத்துவிட்டு, பின்னணிக்குக் கைதட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மூலப்படத்தைத் தாருங்கள் என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். "சரி, பரவாயில்ல," என்று கலண்டரைச் சுருட்டி என்னிடமே திருப்பித் தந்தீர்கள்.

பெப்ரவரியில் அந்தச் சுவரைப் பற்றி விசாரணை. கீழ்வீட்டு ஆறு குடும்பமும் முறைப்பாடு கொடுத்திருந்தார்கள், எழுதிக் கொடுத்தது நீங்கள். ஹோட்டல்காரரின் வாதம் எளிமையானது. சுவரில் முன்பு ஒரு குறையும் இல்லை, கீழ்வீட்டார் ஜனவரியில் சுவருக்கு அடியில் வடிகான் வெட்டியதால்தான் ஈரம் வருகிறது, ஆகவே தவறு அவர்களுடையது. பரீதாவின் தொலைபேசியில் இருந்த படங்கள் எல்லாம் ஜனவரிக்குப் பிந்தியவை. ஒக்டோபரில் சுவர் எப்படி இருந்தது என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு படம்தான். அதை அவர்களுடைய வழக்கறிஞர்தான் கொண்டுவந்தார். கலண்டரைத் தூக்கிக் காட்டி, சிங்களத்தில் பெரியவரைக் கூப்பிடுவதுபோல் உங்களைக் கூப்பிட்டார்.

"மாத்தயா, இது நீங்களே எடுத்த படம்தானே?"

"ஆமா, நான்தான் எடுத்தேன்."

"இதில் எங்கே கறை? எங்கே வெடிப்பு?"

"நான் எடுக்கும்போது இருந்திச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். என் மடியில் அதே ஹோட்டல் கம்பனியின் அடுத்த கட்டடத்துக்கான ஒப்பந்தக் கடிதம் இருந்தது. நீங்கள் கழுத்தைக்கூட என் பக்கம் திருப்பவில்லை. "அந்தப் பொண்ணு அழிச்சது" என்று ஒரு வரி போதும். நீங்கள் சொல்லவில்லை. எழுந்து நின்று நான்தான் என்று சொல்ல எனக்கும் ஒரு வரி போதும். நானும் சொல்லவில்லை. நாற்பது வருடம் சுவர்களைப் பற்றி உண்மை எழுதிய ஆளைப் பொய்க்காரர் என்று குறித்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். "டீச்சர், குடை இருக்கா? மழ வரும்போல இருக்கு," என்றீர்கள். அடுத்த சனிக்கிழமை அதே கதிரையில் வந்து உட்கார்ந்தீர்கள், ரொட்டிப் பொட்டலத்தோடு. என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டீர்கள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது. சீ, இவளெல்லாம் ஒரு டீச்சர் என்று நானே சொல்லிக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஏப்ரலில் நெஞ்சு வலி என்று கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். துணிந்து கேட்டுவிட்டேன், அன்றைக்கு ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று.

"ஒரு பொம்பள தனியா நின்னு கட்டுன தொழில். அத நான் எப்படி டீச்சர் ஒடைப்பேன்?" என்றீர்கள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்," என்றீர்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு தேநீரைக் குடித்து முடித்தேன். ஒன்பதாம் நாள் போய்விட்டீர்கள்.

உங்கள் வீட்டு வாசலில் ஹோட்டலின் மலர்வளையம் இருந்தது. "எமது கலண்டர் கலைஞருக்கு அஞ்சலி" என்று பொன்னெழுத்து நாடா. எத்தனை தடித்த தோல் வேண்டும் அதற்கு! அதைத் தூக்கி வீதியில் எறியவேண்டும் போலிருந்தது. எறியவில்லை. அந்த வளையத்துக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை என்று தெரிந்திருந்தது. இரண்டும் ஒரே கம்பனியின் காசில் வந்தவைதானே.

இதற்குப் பிறகு ஆறு மாதம் நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். வேலை செய்தேன். மழைக்குக் காத்திருந்தேன், கறைகளைத் துடைத்தேன், சம்பளம் வாங்கினேன். அருவருப்பு என்பது வந்த அன்றே மனிதரைத் திருத்திவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அதோடும் சாப்பிடலாம், தூங்கலாம்.

மருந்துக் கடையில் அந்தக் கலண்டரைப் பார்த்த அன்று வெளியே மழை தொடங்கியிருந்தது. மறுபடியும் ஒக்டோபர். கையில் சுருட்டிய கலண்டரோடு பாலத்தடியில் நின்றேன். அந்தச் சுவருக்குப் பின்னால் இப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்ற நினைப்பு வந்தது. நேரே பஸ் ஏறி அம்பிட்டியவில் இறங்கி பரீதாவின் கதவைத் தட்டினேன்.

"நீங்க அந்த சேர்ட டீச்சர் தானே?" என்றார். ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றாள். "எங்கட போட்டோ எல்லாம் பிந்தினதுண்டு செல்லி, சேரப் பொய்யனாக்கிட்டாங்க. சேர் அந்த வெக்கத்தோடயே மௌத்தாகிட்டார்," என்றார். பிறகு, அடுத்த விசாரணை இரண்டு வாரத்தில் என்றார்.

போனேன் ஐயா. என் பெயரைச் சொல்லி, தொழிலைச் சொல்லி, அந்தக் கறையை அழித்தது நான் என்று சொன்னேன். வழக்கறிஞர் பல்லைக் காட்டினார். "மூலப்படம் இருக்கிறதா?"

"இல்லை. அதையும் நான்தான் அழித்தேன்."

"அப்படியென்றால் ஒரு கறை இருந்தது என்று எதை வைத்து நம்புவது?"

கணினியைக் கொண்டுபோயிருந்தேன். பரீதாவின் தொலைபேசியில் அன்று காலை எடுத்த சுவர்ப் படத்தை வாங்கி, விசாரணை அதிகாரியின் மேசையிலேயே திறந்தேன். வெடிப்பு, செம்மண் வழிசல், அடைத்த துளைகள், எல்லாம் இருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே துடைக்கத் தொடங்கினேன். நல்ல சுவரை எடுத்து ஒட்டினேன், ஓரத்தைத் தேய்த்தேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் படத்தையும் கலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் அதே கழுவிய சுவர், அதே இடத்தில் ஒரே மாதிரியான ஒட்டு. சோம்பல்பட்டு ஒரே துண்டை மூன்று தரம் ஒட்டுவது என் கெட்ட பழக்கம். கலண்டரிலும் அது மூன்று தரம் இருந்தது. விரலை வைத்துக் காட்டினேன்.

"அல்லாஹ்வே, இவ்வளவுதானா?" என்றார் பரீதா. அவர் அழுதார். சிரித்தவர்கள் இந்த முறை சிரிக்கவில்லை.

அதிகாரி அடுத்த நாளே சுவருக்கு வந்தார். அடைத்திருந்த ஒரு துளையைத் திறக்கச் சொன்னார். ஹோட்டல் வேலையாள் ஒருவர் இரும்பு அலவாங்கால் ஐந்தாறு இடி இடித்தார். சீமெந்து உடைந்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு செம்மண் தண்ணீர் பீறிட்டு அந்த ஆளின் நெஞ்சில் அடித்தது. நின்றுவிடும், நின்றுவிடும் என்று பார்த்தோம். மாலைவரை நிற்கவில்லை. அன்றே ஆறு வீட்டாரையும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு மாற்றினார்கள். உங்கள் பெயருக்கு எதிரே எழுதியிருந்ததை வெட்டிவிட்டு, நீங்கள் சொன்னது சரி என்று அதிகாரி தன் கையாலேயே எழுதினார். வெட்டியதைப் பார்க்க நீங்கள்தான் இல்லை. எனக்கு இப்போது கட்டடங்களைப் படம் எடுக்கும் வேலை ஒன்றும் வருவதில்லை. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. நீங்கள் என்னை நல்லவளாக நினைத்துவிடக் கூடாது. அந்தத் தண்ணீர் பாய்வதை நான் படம் எடுத்தேன், விசாரணைக் கோப்புக்காக. இருண்ட வானம், சிவந்த தண்ணீர், நல்ல வெளிச்சம். வீட்டுக்கு வந்து திரையில் விரித்தேன். வலப்பக்க மூலையில் பரீதாவின் நீலப் பிளாஸ்டிக் வாளி, பாதி நசுங்கியது. குசினிக்குள் வந்த சேற்றை ஒரு வருடமாக அள்ளிக் கொட்டிய வாளி. கண் அதைப் பார்க்கும் முன்னரே என் கை அதை அழிக்கத் தொடங்கியிருந்தது. பாதி வாளி போன பிறகுதான் நிறுத்தினேன்.

என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது, ஐயா. அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்து, வாளியோடு அனுப்பினேன்.